உரிமமும் ஒப்பந்தமும்: அமெரிக்க லாரி ஓட்டுநர் பயிற்சியின் வரலாறு

அமெரிக்காவில் நெடுந்தொலைவு லாரி ஓட்ட விரும்பும் ஒருவர் கையில் பணமின்றியே அத்தொழிலுக்குள் நுழைய முடியும். பயிற்சிக் கட்டணத்தையும் பல நேரங்களில் தங்கும் செலவையும் சரக்குப் போக்குவரத்து நிறுவனமே ஏற்கிறது. அதற்கு ஈடாக, ஏறத்தாழ ஓராண்டு அந்நிறுவனத்துக்கே வண்டி ஓட்டுவதாகவும், இடையில் விலகினால் சில ஆயிரம் டாலரைத் திருப்பிச் செலுத்துவதாகவும் அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். இவ்வேற்பாடு தொழிலோடு உடன்பிறந்ததன்று. 1980க்கும் 1992க்கும் இடையே நடைமுறைக்கு வந்த இரண்டு சட்டங்கள், ஒன்றையொன்று எண்ணிப் பாராமல், அது தழைப்பதற்கான நிலத்தைப் பண்படுத்தின.

பெருமந்தக் காலத்தில், 1935இல் இயற்றப்பட்ட மோட்டார் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், ரயில்வேயை ஏற்கெனவே கண்காணித்துவந்த மாநிலங்களிடை வணிக ஆணையத்தின் அதிகாரத்துக்குள் லாரித் தொழிலையும் கொண்டுவந்தது. எந்த நிறுவனம் எந்த வழித்தடத்தில் எந்தச் சரக்கை ஏற்றலாம் என்பதை ஆணையமே வரையறுத்ததால் புதிய போட்டியாளர் எளிதில் நுழைய இயலவில்லை. இருந்தவர்களோ கட்டணத்தைத் தமக்குள் கூடிப் பேசி முடிவுசெய்தனர். இப்பாதுகாப்பில் விளைந்த லாபத்தில் ஓட்டுநர்களுக்கும் பங்கு பெற்றுத்தந்தது டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம். ஜிம்மி ஹோஃபாவின் தலைமையில் 1964இல் அது கண்ட தேசியச் சரக்கு ஒப்பந்தம், நாடெங்கும் லட்சக்கணக்கானோரை ஒரே ஊதிய உடன்பாட்டின் கீழ்க் கொண்டுவந்தது.

அத்தகைய வேலைக்கு ஆள்தேடிப் பள்ளி நடத்த வேண்டிய தேவை நிறுவனங்களுக்கு அவ்வளவாக எழவில்லை. பண்ணையில் தந்தையின் லாரியை ஓட்டிப் பழகியவர்களும், கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கியபடியே முற்றத்தில் வண்டியை நகர்த்தக் கற்றவர்களும், ராணுவத்தில் ஓட்டக் கற்றவர்களும் வரிசையில் காத்திருந்தனர். ஆனால் அவ்வரிசை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 1944இல் பிரான்ஸில் நேச நாட்டுப் படைகளுக்குச் சரக்குக் கொண்டுசென்ற 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' லாரிகளின் ஓட்டுநர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். எனினும் உள்நாட்டில் நெடுந்தொலைவு ஓட்டுநர் இருக்கை அவர்களுக்குப் பெரும்பாலும் எட்டாததாகவே இருந்தது. 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், நாடு முழுவதும் இயங்கிய பெரிய நிறுவனம் ஒன்றின் 1,828 நெடுந்தொலைவு ஓட்டுநர்களில் 1971 நிலவரப்படி கறுப்பினத்தவர் 8 பேர், ஸ்பானியக் குடும்பப்பெயர் கொண்டோர் 5 பேர் என்பது பதிவாகியுள்ளது. நகரத்துக்குள் ஓட்டுபவர் நெடுந்தொலைவுப் பணிக்கு மாறினால், சேர்த்துவைத்த பணிமூப்பை இழந்து பட்டியலின் கடைசிக்குச் செல்ல வேண்டியிருந்தது. பழைய முறையைப் பொற்காலமாகப் போற்றுவோர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவதுண்டு.

1980 ஜூலை 1 அன்று அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் நுழைவுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அடுத்த பத்தாண்டில் நிறுவனங்களின் எண்ணிக்கை இரு மடங்குக்கு மேல் பெருகியது, கட்டணங்கள் சரிந்தன, சங்கம் சாராத நிறுவனங்கள் முழுச் சுமைப் போக்குவரத்தைக் கைப்பற்றின. முழுச் சுமை என்பது ஒரே வாடிக்கையாளரின் சரக்கால் டிரெய்லரை நிரப்பி, இடையில் எங்கும் பிரிக்காமல் சேர்ப்பிடத்துக்கே கொண்டுசெல்வது. இதில் ஓட்டுநருக்கு நிலையான வழித்தடம் கிடையாது. வாரக்கணக்கில் வீடு திரும்ப முடியாது. ஊதியம் ஓடிய மைலுக்குத்தான், கிடங்கு வாசலில் காத்திருக்கும் நேரத்துக்குப் பெரும்பாலும் இல்லை. 1938ஆம் ஆண்டின் தொழிலாளர் நியாயத் தரச் சட்டம் மாநிலங்களுக்கிடையே ஓட்டுபவர்களைக் கூடுதல் நேர ஊதிய விதியிலிருந்து விலக்கியிருந்ததால், நீண்ட வேலைநேரம் முதலாளிக்குச் செலவாகத் தெரியவில்லை. விளைவாக ஆட்கள் வந்த வேகத்திலேயே வெளியேறினர். பெரிய முழுச் சுமை நிறுவனங்களில் ஆண்டு விலகல் விகிதம் பல ஆண்டுகளில் 100 சதவீதத்தையும் தாண்டியது, அதாவது இருந்த இருக்கைகளைவிட விலகியோர் அதிகம்.

இந்நிலையில் வந்தது 1986ஆம் ஆண்டின் வணிக வாகனப் பாதுகாப்புச் சட்டம். அதுவரை பல மாநிலங்களில் கார் ஓட்டும் உரிமத்தோடு டிராக்டர்-டிரெய்லரையே ஓட்டலாம். சில ஓட்டுநர்கள் பல மாநிலங்களில் உரிமம் பெற்று, விதிமீறல்களைப் பங்கிட்டுப் பதிவாகச் செய்து தப்பினர். புதிய சட்டம் ஒருவருக்கு ஒரே உரிமம் என வரையறுத்து, 1992 ஏப்ரல் 1 முதல் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் அடங்கிய வணிக ஓட்டுநர் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட இம்மாற்றத்துக்கு ஒரு பொருளாதார விளைவும் இருந்தது: கற்ற திறனுக்கு அரசின் சான்று கிடைத்ததால், அதை எந்த நிறுவனத்துக்கும் எடுத்துச் செல்ல முடிந்தது. எங்கும் செல்லுபடியாகும் பொதுத்திறனைக் கற்பிக்கும் செலவை முதலாளி ஏற்கமாட்டார், கற்பவரே ஏற்பார் என 1964இல் பொருளியலாளர் கேரி பெக்கர் வாதிட்டிருந்தார். லாரி நிறுவனங்களோ செலவைத் தாமே முன்பணமாகக் கொடுத்து, கற்றவர் போட்டியாளரிடம் சென்றுவிடாதபடி அதைக் கடனாக எழுதிவைத்தன.

பயிற்சி இரு கட்டங்களாக நடக்கிறது. சில வாரங்கள் முற்றத்தில் புறப்பாட்டுக்கு முந்தைய சோதனை, காற்று பிரேக், 53 அடி டிரெய்லரைப் பின்னோக்கிச் செலுத்துதல் ஆகியவற்றைக் கற்று உரிமம் பெற்றபின், பயிற்றுநர் ஒருவரோடு அதே வண்டியில் உண்டு உறங்கி நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டும். இரண்டாம் கட்டமே சர்ச்சைக்குரியது. ஓர் ஓட்டுநர் நாளொன்றுக்கு 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாகாது; இருவர் மாறி மாறி ஓட்டினால் வண்டி ஏறக்குறைய நிற்காமலே செல்லும். சில நிறுவனங்களில், பயில்பவர் ஓட்டும்போது பயிற்றுநர் பின்படுக்கையில் உறங்குவதும், பயில்பவர் ஓட்டிய மைலுக்கும் பயிற்றுநரே ஊதியம் பெறுவதும் நடந்ததால், இது கற்பித்தலா, மலிவான இரண்டாம் ஓட்டுநரைப் பெறும் வழியா என்ற கேள்வி நீதிமன்றங்கள் வரை சென்றது.

ஒப்பந்தங்கள் விலகலை ஓரளவு குறைக்கின்றன என்று ஸ்டீபன் பர்க்ஸும் மிட்செல் ஹாஃப்மனும் செய்த ஆய்வு காட்டியது. அதே ஆய்வில், தாம் வாரத்தில் ஓட்டப்போகும் மைல்களை ஓட்டுநர்கள் தொடர்ந்து மிகையாகவே மதிப்பிட்டதும் தெரியவந்தது. மைலே ஊதியமாக இருக்கும் தொழிலில், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது இருந்த கணக்கு பிழையானது என்பதே இதன் பொருள்.

தொடக்கப் பயிற்சிக்குத் தேசிய அளவில் ஒரு தரத்தை வகுக்குமாறு 2012இல் நாடாளுமன்றம் பணித்தது. 2016இல் வெளியான வரைவு விதி, கனரக இணைப்பு வண்டிகளுக்குரிய 'ஏ' வகுப்பு உரிமத்துக்குக் குறைந்தது 30 மணி நேரம் ஓட்டிப் பழகியிருக்க வேண்டும் என்றது. அவ்வாண்டு இறுதியில் வந்த இறுதி விதியில் அந்த எண் நீக்கப்பட்டது. இரண்டாண்டு ஒத்திவைப்புக்குப் பின் 2022 பிப்ரவரி 7 அன்று நடைமுறைக்கு வந்த அவ்விதிப்படி, அரசுப் பதிவேட்டில் இடம்பெற்ற பயிற்சி நிலையம் ஒருவருக்குத் தேர்ச்சி வந்துவிட்டது எனச் சான்றளித்தாலே போதும். அப்பதிவேட்டில் லாரி நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளும் இடம்பெறலாம்.