ஆல்ட்டோ டிராம்போனுக்கு ஒரு வாய்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பிரான்சில் இருக்கும் என் மகள் வயிற்றுப் பேரன் தொலைபேசியில் கூப்பிட்டான். "தாத்தா, எந்த ஆம்பூஷூர் வாங்கலாம்?" என்றான். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்றாலும், ஆம்பூஷூர் என்றதும் என் நினைவுக்கு வந்தது பூகோள வகுப்புதான். லுவார் நதியின் ஆம்பூஷூர் எங்கே, வரைபடத்தில் காட்டு என்பார் ஆசிரியர். நதி கடலில் சேரும் இடம். நம் தமிழில் முகத்துவாரம். அரியாங்குப்பத்து முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வளர்ந்துகொண்டு, பார்த்தேயிராத லுவாரின் முகத்துவாரத்தை மனப்பாடம் செய்த தலைமுறை நாங்கள். ஊதுகருவியில் உதடு வைக்கும் உலோகத் துண்டுக்கும் பிரெஞ்சில் அதே சொல்தான் என்பது மறந்தே போயிருந்தது. நம் ஊர் பேண்டு வாத்தியக்காரர்கள் மவுத்பீஸ் என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பேரன் வேலைக்குப் போகிறவன். மாலை நேரத்தில் ஊர் ஆர்கெஸ்ட்ராவில் டிராம்போன் வாசிக்கிறான். இந்த முறை ஷூமானின் மூன்றாம் சிம்பொனி எடுத்திருக்கிறார்களாம். முதல் டிராம்போன்காரர் வேறு ஊருக்குப் போய்விட்டதால் அந்த நாற்காலி இவனுக்கு வந்துவிட்டது. அதற்கு வேண்டியது ஆல்ட்டோ டிராம்போன். கருவியை ஒருவர் இரவல் கொடுத்துவிட்டார், மவுத்பீஸைக் கொடுக்கவில்லை. நாதஸ்வரக்காரர் தன் சீவாளியை இன்னொருவருக்குக் கொடுப்பாரா? அது போலத்தான். "தப்பானதை வாங்கினால் அந்த ஒரு சுரம் வராது தாத்தா" என்றான். குரலில் பயம் தெரிந்தது.

எனக்கு வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது. முப்பது வருடம் கோப்பு பார்த்த குமாஸ்தாவுக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு கேள்வி வந்தால் பழைய கோப்புகளை எடுத்துப் பார்ப்பது. அதையே செய்தேன்.

டிராம்போன் தனியாள் அல்ல, ஒரு குடும்பம். ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று மூன்று உருவம். டெனரின் குழாய் நீளம் சுமார் 2.7 மீட்டர், ஆல்ட்டோ இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதனால் அதன் குரல் நான்கு சுரம் மேலே நிற்கிறது. மாதா கோயில்களில் பாடகர் குழு பாடும்போது ஆல்ட்டோ பாடகர்களோடு ஆல்ட்டோ டிராம்போன், டெனர் பாடகர்களோடு டெனர் டிராம்போன் என்று கூடவே ஊதிப் போவது பழைய வழக்கம். மொசார்ட்டின் 'ரெக்வியம்' 1791-இல் எழுதப்பட்டது, அதிலும் இப்படித்தான். மனிதக் குரலை அமுக்காமல் அதன் நிழல் போல ஒலிக்க வேண்டும். இன்று டிராம்போன் என்றால் எல்லாருக்கும் ராணுவ பேண்டுதான் ஞாபகம் வருகிறது. ஆனால் அதன் ஆரம்ப உத்தியோகம் கோயிலில்.

இந்தச் சின்னக் கருவி தேவைதானா என்ற சந்தேகம் ஆரம்பத்திலேயே இருந்திருக்கிறது. மிக்கேல் பிரேட்டோரியுஸ் என்ற ஜெர்மானியர் 1619-இல் வெளியிட்ட வாத்திய நூலில், ஆல்ட்டோவின் உடம்பு சிறியது, அதனால் ஒலி டெனர் அளவுக்கு நன்றாக இல்லை, உதடும் பயிற்சியும் உள்ளவன் டெனரிலேயே அந்த உயரத்தை எட்டிவிடுவான் என்ற பொருளில் எழுதி வைத்தார். நானூறு வருடமாக இந்த வழக்கு தீரவில்லை. மவுத்பீஸ் கேள்வியும் இதே வழக்கின் கிளைதான்: ஆல்ட்டோவைக் குட்டி டெனராக நடத்துவதா, தனிக் குரலாக மதிப்பதா?

தனிக் குரலாக மதித்தவர்கள் ஆஸ்திரியா பக்கத்தில் இருந்தார்கள். மொசார்ட்டின் தகப்பனார் லியோபோல்ட், சால்ஸ்பர்க்கில் இருந்த ஒரு நல்ல வாத்தியக்காரரை மனதில் வைத்து ஒரு செரினேடில் ஆல்ட்டோவுக்குத் தனி இடம் கொடுத்தார். நல்ல டிராம்போன்காரர் கிடைக்காவிட்டால் அதை வயோலாவில் வாசிக்கலாம் என்றும் குறித்துவைத்தார். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் விடுப்பில் போனால் 'பொறுப்பு' யாரிடம் என்று எழுதி வைப்போம், அதே முன்யோசனை! ஆனால் வேறொன்றும் அதில் தெரிகிறது. ஆல்ட்டோவுக்கு மாற்று வயோலா. வயோலா மென்மையான வாத்தியம். அப்படியானால் அந்த நாளில் ஆல்ட்டோ எவ்வளவு மென்மையாக ஒலித்திருக்க வேண்டும்! வியன்னாவில் ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர் 1769-இல் ஆல்ட்டோவுக்கென்றே ஒரு கான்செர்ட்டோ எழுதினார். பிற்பாடு பீத்தோவனுக்கு ஆசிரியராக இருந்தவர் இவர்தான்.

மவுத்பீஸில் பார்க்க வேண்டிய உறுப்புகள் நான்கு. உதடு படும் விளிம்பு, காற்று நிறையும் கிண்ணம், கிண்ணத்தின் அடியில் உள்ள தொண்டை, கருவிக்குள் நுழையும் காம்பு. பழங்காலத்து மவுத்பீஸ்களின் விளிம்பு தட்டையாக இருக்கும். கிண்ணம் உருண்டையாக வந்து தொண்டையில் கூர்மையான மூலையோடு முடியும். இன்றைய மவுத்பீஸில் விளிம்பு மழுங்கலாக, உதட்டை உறுத்தாமல் இருக்கிறது. தொண்டையும் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. கிண்ணம் ஆழமாக ஆக ஒலி கனமாகும். டெனரின் ஆழமான கிண்ணத்தைக் கொண்டுபோய் ஆல்ட்டோவில் செருகினால் கிண்ணத்துக்குள் உள்ள காற்றும் குழாய் நீளத்தோடு சேர்ந்த கணக்காகிவிடும். குழாயே குட்டை என்பதால் அந்தக் கூடுதல் பெரிதாகத் தெரியும். சுருதி இறங்கும், மேல் சுரங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாது, ஒலி மந்தமாகும். பேரன் பயந்தது இதற்குத்தான்.

இங்கே என் பிரெஞ்சு எனக்குக் கைகொடுத்தது. பெர்லியோஸ் 1840களில் வெளியிட்ட வாத்திய அமைப்பு நூலை மூலத்திலேயே படித்தேன். ஆல்ட்டோவின் ஒலி சற்று மெலிந்தது, கீழ்ச் சுரங்கள் நன்றாக இல்லை என்று குறை சொல்லிவிட்டு, மேல் சுரங்களுக்காகவாவது அது வேண்டும், பிரெஞ்சு ஆர்கெஸ்ட்ராக்கள் அநேகமாக எல்லாமே அதை வெளியேற்றிவிட்டனவே என்று வருந்துகிறார். பாரிசில் மூன்று நாற்காலியிலும் டெனர்தான். 1836-இல் பாரிஸ் கான்செர்வத்துவாரில் டிராம்போன் வகுப்பை ஏற்ற தியெப்போ பெரிய டெனர் வித்துவான். 1840-இல் பெர்லியோஸின் இறுதி ஊர்வல சிம்பொனியில் தனி வாசிப்பு அவருடையதே. அப்படி ஒரு ஆசிரியர் இருக்கும் இடத்தில் மாணவர்களின் உதடு டெனர் விளிம்புக்குத்தான் பழகும். மூவரும் ஒரே அளவு மவுத்பீஸ், ஒரே அளவு கருவி என்றால் நிர்வாகத்துக்கு வசதி. நானும் நிர்வாகத்தில் இருந்தவன், அந்த வசதி எனக்குப் புரிகிறது. ஆனால் அதில் போனது ஒரு குரல். பள்ளிக்கூடத்தில் பிரான்சு எதைச் செய்தாலும் சரி என்றே படித்த எனக்கு, இந்த விஷயத்தில் வியன்னா பக்கம் சாயத்தான் மனம் வருகிறது.

வியன்னாவும் முழுக்கக் காப்பாற்றவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே வால்வு டிராம்போன்கள் புகுந்தன, ஆல்ட்டோவின் இடம் சுருங்கியது. எழுதியவர்கள் மட்டும் அதை மறக்கவில்லை. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி 1808 டிசம்பர் 22-இல் அரங்கேறியபோது டிராம்போன்காரர்கள் மூன்று பகுதிகள் முடியும்வரை சும்மா உட்கார்ந்திருந்து கடைசிப் பகுதியில்தான் சேர்ந்தார்கள். இந்த மூவரின் சத்தம் ஆறு டிம்பனியைவிட அதிகமாகவும் நன்றாகவும் இருக்கும் என்று ஒரு பிரபுவுக்குக் கடிதம் எழுதியிருந்தார் பீத்தோவன். அது உரக்க முழங்கும் இடம், சமாளிக்கலாம். ஷூமான் 1850-இல் எழுதிய மூன்றாம் சிம்பொனியில் நிலைமை வேறு. அதிலும் மூன்று பகுதி காத்திருக்க வேண்டும். நான்காவது பகுதி கொலோன் தேவாலயத்தின் நினைவில் எழுந்தது என்பார்கள். குளிர்ந்துபோன உதட்டோடு, மிக மெதுவாகத் தொடங்கி, ஆல்ட்டோ அந்த உச்ச எ-ஃபிளாட்டுக்கு ஏற வேண்டும். என் பேரன் சொன்ன 'அந்த ஒரு சுரம்' அதுதான்.

இப்போது கடையில் கிடைப்பவை. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்கா போன டிரம்பெட் வாசிப்பாளர் வின்சென்ட் பாக், 1918-இல் நியூயார்க்கில் மவுத்பீஸ் செய்யத் தொடங்கினார். அவர் வைத்த எண்முறை இன்னும் வழக்கில் இருக்கிறது. எண் பெரிதானால் விட்டம் சிறிது. இப்படித் தலைகீழாகக் கோப்புக்கு எண் போட்டிருந்தால் எங்கள் சூப்பரின்டென்டென்ட் என்னை விட்டிருக்க மாட்டார். பேரனுக்கு முன்னால் இருந்தவை இரண்டு. ஒன்று பன்னிரண்டு சி: சிறிய விளிம்பு, ஆழமில்லாத கிண்ணம். மற்றது, அவன் டெனரில் வைத்திருக்கும் ஆறரை ஏஎல் அளவு விளிம்பையே வைத்துக்கொண்டு கிண்ணத்தை மட்டும் ஆழம் குறைத்துக் கடைந்தது. விட்டத்தில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. உதட்டுக்கு அது ஒரு மைல்.

உதடு ஒரே விளிம்பைத்தான் அறியும் என்பது இன்றைய வாதம். பழைய ஊர் வாத்தியக்காரர்கள் ஒரே ஆளாக வயலினும் ஊதுகொம்பும் டிராம்போனும் மாற்றி மாற்றி வாசித்தவர்கள். அவர்களிடம் இந்த வாதம் செல்லாது. ஆனால் அவர்களுக்கு அதுவே பிழைப்பு. என் பேரனுக்கு இருப்பது வேலை முடிந்து வந்து, பக்கத்து வீட்டார் கோபிக்குமுன் கிடைக்கும் ஒரு மணி நேரம். ஆகவே விளிம்பை மாற்றாதே, கிண்ணத்தை மாற்று என்று சொன்னேன். ஆல்ட்டோவின் குரல் கிண்ணத்தில் இருக்கிறது, விளிம்பு உன் வசதிக்கு. பெர்லியோஸ் கேட்டது அந்தக் குரலைத்தான்.

அதையே வாங்கினான். நேற்று ஒத்திகை முடிந்து ரயிலில் இருந்தபடி கூப்பிட்டான். மூன்று முறை வாசித்ததில் இரண்டு முறை அந்த எ-ஃபிளாட் வந்ததாம். மூன்றாவது முறை என்ன ஆயிற்று என்று கேட்பதற்குள் சுரங்கம் வந்து தொடர்பு அறுந்துவிட்டது.