துருவப் பயணக் கப்பல்

துருவப் பயணக் கப்பல் என்பது ஏறத்தாழ நூறு முதல் இருநூற்றைம்பது வரையான பயணிகளுடன் அந்தாட்டிக்கா, ஸ்வால்பார்ட், கிறீன்லாந்து முதலிய பனிக்கடற் கரைகளுக்குச் செல்லும் சிறு உல்லாசக் கப்பல். அக்கரைகளின் பெரும்பகுதியில் துறைமுகமோ இறங்குதுறையோ இல்லை. கப்பல் ஆழமான நீரில் நிற்கும். பயணிகள் காற்றடைத்த றப்பர்ப் படகுகளில் கரைக்குப் போய், ஓரிரு மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்புவர். பயணம் பெரும்பாலும் பத்து நாள் முதல் மூன்று வாரம் வரை நீளும். உல்லாச வகைக் கப்பல்களில் ஒருவருக்கான கட்டணம் பத்தாயிரம் அமெரிக்க டொலரைத் தாண்டிவிடும். நல்ல அறைகளுக்கு அதைப்போல் பல மடங்கு கொடுக்க வேண்டும்.

இக்கப்பல்கள் சிறியவையாக இருப்பதற்கு வசதிபடைத்தோரின் தனிமை விருப்பம் மட்டும் காரணமல்ல. அந்தாட்டிக்காவில் 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் எவரையும் கரையிறக்கக் கூடாது. எந்த இடத்திலும் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. 20 பேருக்கு ஒரு வழிகாட்டி வேண்டும். 1991 இல் ஏழு நிறுவனங்கள் கூடி அமைத்த அந்தாட்டிக்காச் சுற்றுலா நடத்துநர்களின் பன்னாட்டுச் சங்கம் கைக்கொண்டுவந்த இந்த ஒழுங்குகளை, 2009 இல் அந்தாட்டிக்கா உடன்படிக்கை நாடுகளும் தங்கள் கூட்டத்தில் ஏற்றன. இருநூறு பேர் வந்த கப்பலில் பாதிப்பேர் கரையில் நிற்க மீதிப்பேர் படகில் பனிப்பாறைகளைச் சுற்றிவரலாம். பிறகு இடம் மாறிக்கொள்ளலாம். நானூறு பேர் வந்தால் நாளின் பெரும்பகுதி காத்திருப்பிலேயே கழியும். சாப்பாட்டு நேரம், படகு முறை, குழு பிரிப்பு, பணியாளர் தொகை என்று கப்பலில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த நூறு என்ற எண்தான்.

வன்னியிலிருந்து பார்த்தால்

இலங்கையின் வன்னிக் கரையிலுள்ள முல்லைத்தீவு கிழக்கு நெடுங்கோடு 81 பாகைக்குச் சற்று மேற்கே இருக்கிறது. அங்கிருந்து நேர் தெற்கே போனால், தங்காலைப் பக்கமாக இலங்கையைக் கடந்த பின்னர் அந்தாட்டிக்காவின் பனிக்கரை வரும்வரை ஒரு தீவுகூடக் குறுக்கிடாது. தூரம் சுமார் 8,500 கிலோமீற்றர். அந்தக் கரைக்குச் சற்று மேற்கே, 76 பாகை நெடுங்கோட்டில், லார்ஸ்மன் குன்றுகளில் 2012 முதல் இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம் இயங்குகிறது. 134 கப்பற் கொள்கலன்களை இணைத்துக் கட்டிய கட்டடம் அது. நமக்கு நேர் கீழேயுள்ள இந்தக் கிழக்கு அந்தாட்டிக்காவுக்கு உல்லாசக் கப்பல்கள் மிக அரிதாகவே வருகின்றன. அவை கூடுவது உலகின் மறுபக்கத்தில், தென்னமெரிக்காவை நோக்கி நீண்டிருக்கும் அந்தாட்டிக்காத் தீபகற்பத்தில். ஆர்ஜென்ரீனாவின் உசுவாயா துறைமுகத்திலிருந்து அது ஆயிரம் கிலோமீற்றர் மட்டுமே.

தமிழ் வாசகருக்குக் கிட்டிய துருவக் கப்பல் வரலாறு உல்லாசத்துடையதல்ல, ஆய்வினுடையது. 1981 டிசெம்பர் 6 அன்று கோவாவிலிருந்து 'போலார்சர்க்கிள்' என்ற நோர்வேக் கப்பலில் சையத் சகூர் காசிம் தலைமையில் 21 பேர் புறப்பட்டு, 1982 ஜனவரி 9 அன்று அந்தாட்டிக்காவில் இறங்கினர். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட கடற்பயணம் அது. இன்றைய பயணி விமானத்தில் உசுவாயாவுக்கு வந்து, அங்கிருந்து இரண்டு நாளில் பனியைக் காண்கிறார். வட துருவப் பக்கத்தில் சென்னைக்கே ஒரு பங்குண்டு. சென்னையிலுள்ள தேசிய சமுத்திரத் தொழில்நுட்ப நிறுவனம் மற்றோர் இந்திய நிறுவனத்தோடு சேர்ந்து 2014 இல் ஸ்வால்பார்டின் கோங்ஸ் நுழைகுடாவில் 'இண்டார்க்' என்ற கடலடிக் கருவித் தொகுதியைக் கட்டி இறக்கியது. அதே குடாவின் கரையிலுள்ள நீ-ஓலசுண்டில் இந்தியாவின் இமாத்திரி நிலையம் இருக்கிறது. கோடையில் பயணக் கப்பல்கள் தரிக்கும் ஊரும் அதுவே.

தோற்றம்

சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் தொழில் நடத்திய லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட் 1966 இல் ஆர்ஜென்ரீனக் கடற்படைக் கப்பலொன்றை வாடகைக்கு எடுத்துப் பயணிகளை அந்தாட்டிக்காவுக்குக் கூட்டிச்சென்றார். மூன்றாண்டு கழித்து, இதே வேலைக்கென்று பின்லாந்தில் ஒரு கப்பலைக் கட்டுவித்தார். 1969 இல் வந்த 'லிண்ட்பிளாட் எக்ஸ்புளோரர்' ஏறத்தாழ நூறு பயணிகளுக்கானது. பனியைத் தாங்கும் அடிக்கட்டு, றப்பர்ப் படகுகள், கூடவே விரிவுரை செய்யும் விஞ்ஞானிகள் என்று அந்தக் கப்பலில் வகுத்த முறையே இன்றுவரை தொடர்கிறது. விலங்கைக் கண்ணால் கண்ட ஒருவர் பின்னர் அதைக் காக்கவும் முன்வருவார் என்று லிண்ட்பிளாட் நம்பினார். இன்று ஒரு பருவத்தில் அந்தாட்டிக்காப் பக்கம் செல்வோர் ஒரு இலட்சத்தைத் தாண்டிவிட்ட நிலையில், அந்த நம்பிக்கையை நாம் மறுபடி எடைபோட வேண்டியிருக்கிறது.

2019 முதல் புதுக் கப்பல்கள் அடுத்தடுத்து வந்தன. அலையைக் கிழிப்பதற்கு ஏற்றவாறு பின்னோக்கிச் சரிந்த முகப்புடைய 'நாஷனல் ஜியோகிராபிக் எண்டூரன்ஸ்', ஹெலிகொப்ரரும் நீர்மூழ்கியும் கொண்ட 'சீனிக் எக்லிப்ஸ்' என்பன அவற்றுட் சில. பிரெஞ்சு நிறுவனமான பொனானின் 'லெ கொமாந்தான் ஷார்கோ' திரவ இயற்கை வாயுவிலும் மின்கலத்திலும் ஓடக்கூடியது. அது 2021 செப்டெம்பரில் பனியை உடைத்துக்கொண்டு வட துருவப் புள்ளியையே எட்டியது.

கப்பலில் ஒரு நாள்

அந்தாட்டிக்காப் பயணத்தின் முதல் இரண்டு நாளும் தென்னமெரிக்காவுக்கும் தீபகற்பத்துக்கும் இடையிலுள்ள டிரேக் நீரிணைக்குரியவை. தென் சமுத்திரத்தின் மேலைக்காற்றைத் தடுக்க அந்த அகலாங்கில் நிலமே இல்லாததால், பத்து மீற்றர் அலைகூட எழும். அன்று மேசையில் தட்டு வழுக்காதிருக்க ஈரவிரிப்பு போடுவார்கள். படிக்கட்டில் ஒரு கை எப்போதும் பிடியில் இருக்க வேண்டும். மருத்துவர் குமட்டல் மாத்திரையோடு அறை அறையாகப் போவார். எவ்வளவு பணம் கொடுத்து எடுத்த அறையானாலும் அலை எல்லோருக்கும் ஒன்றுதான். சொல்லப்போனால், நல்ல அறைகள் பெரும்பாலும் மேல்தட்டில் இருப்பதால், அங்கே ஆட்டம் கீழ்த்தட்டைவிட அதிகம்.

இந்த இரண்டு நாளில் மிக முக்கியமான வேலை ஒன்று நடக்கிறது. கரைக்கு அணியப்போகும் சட்டை, காற்சட்டை, முதுகுப்பை, கமெராப் பை யாவற்றையும் பயணிகள் வரிசையாகக் கொண்டுவர, வழிகாட்டிகள் தூசுறிஞ்சியாலும் சிறு இடுக்கியாலும் ஒட்டுப்பட்டியில் சிக்கிய புல்விதைகளையும் மண்ணையும் எடுக்கிறார்கள். சப்பாத்துகளைக் கிருமிநாசினியில் தோய்க்கிறார்கள். துப்புரவுச் சடங்காகத் தோன்றக்கூடிய இந்த வேலைக்கு வலுவான காரணம் உண்டு. தென் ஜோர்ஜியாத் தீவில் முற்காலக் கப்பல்கள் கொண்டுவந்து விட்ட எலிகள் கடற்பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்தன. அவற்றை ஒழிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. தீவு எலியற்றது என்று 2018 இல்தான் அறிவிக்க முடிந்தது.

பனிக்கரை வந்ததும் நாளின் ஒழுங்கைக் கப்டனும் பயணத் தலைவரும் காற்றைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள். அச்சிட்ட நிகழ்ச்சி நிரல் இருந்தாலும், அதிகாலையில் காற்று மாறினால் அது கைவிடப்படும். ஏழு மணியளவில் ஒலிபெருக்கி அழைக்கும். பயணிகள் கீழ்த்தட்டிலுள்ள சப்பாத்து அறையில் நீர்புகாக் காற்சட்டையும் உயர்ந்த சப்பாத்தும் உயிர்காப்பு மேலங்கியும் அணிந்து, தம் அட்டையைப் பொறியில் காட்டி வெளியேறுவர். திரும்பும்போதும் அதையே செய்ய வேண்டும். கரையில் எவரும் தவறி விடப்படாதிருக்க இந்தக் கணக்கு ஒன்றே காப்பு.

றப்பர்ப் படகில் பத்துப் பேரளவில் இருப்பர். படகோட்டியும் பயணியும் ஒருவர் முன்கையை மற்றவர் முன்கையில் பற்றுவதே ஏறும் முறை. கையுறையோடு விரல்களைப் பிடித்தால் வழுக்கிவிடும். முல்லைத்தீவுக் கரையில் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய வள்ளத்தை அலை தணியும் இடைவெளி பார்த்து மணலில் ஏற்றும் கடற்றொழிலாளிக்கு இந்தப் படகோட்டியின் வேலை உடனே புரியும். வேறுபாடு தண்ணீரின் குளிரில் இருக்கிறது. பூச்சியப் பாகையை ஒட்டிய நீரில் விழுந்தவருக்குச் சில நிமிடங்களிலேயே கைகால் செயலிழக்கும்.

கரையில் பென்குயினிலிருந்து ஐந்து மீற்றராவது விலகி நிற்க வேண்டும். அது நடந்துவரும் பாதைக்கு வழிவிட வேண்டும். உணவு கொண்டுபோகக் கூடாது. கல்லோ இறகோ எடுக்கக் கூடாது. மலசலகூடம் கப்பலில் மட்டுமே. 2023 ஒக்ரோபரில் பறவைக் காய்ச்சல் தென் ஜோர்ஜியாவையும், 2024 தொடக்கத்தில் அந்தாட்டிக்கா நிலப்பரப்பையும் எட்டிய பின்னர், விலங்குகள் திரியும் கரையில் உட்காரவும் முழந்தாளிடவும் பையைக் கீழே வைக்கவும்கூடத் தடை வந்துவிட்டது. ஆர்க்டிக்கில் நிலைமை வேறு. அங்கே பனிக்கரடி உண்டு என்பதால், முதலில் துப்பாக்கி ஏந்திய வழிகாட்டிகள் இறங்கிச் சுற்றிலும் பார்த்து உறுதிசெய்த பிறகே பயணிகள் இறங்கலாம்.

மாலையில் கூடத்தில் எல்லோரும் கூடுவர். அன்று கண்டவற்றைப் பறவையியலாளரும் பனியியலாளரும் விளக்குவர். மறுநாள் திட்டம் வரைபடத்தில் காட்டப்படும். பயணிகள் எடுத்த திமிங்கில வாற்படங்கள் ஆய்வுத் தரவகத்துக்கு அனுப்பப்படுவதுண்டு. ஒவ்வொரு கூன்முதுகுத் திமிங்கிலத்தின் வாலடிக் கோலமும் தனித்தன்மையுடையது என்பதால், அதன் பயணப் பாதையை இப்படங்களிலிருந்து அறியலாம். என் கணிப்பில், இக்கப்பல்களின் மெய்யான செல்வம் இந்த மாலை நேரந்தான். நீராவிக் குளியலும் பல்லடுக்கு விருந்தும் எந்த நகர விடுதியிலும் கிடைக்கும். கூட்டம் கலைந்து அறைக்குத் திரும்பினாலும், அந்தாட்டிக்காவில் டிசெம்பரில் இருள் சூழ்வதில்லை. தடித்த திரைச்சீலையை இழுத்துவிட்டுத்தான் உறங்க வேண்டும்.

பணியாளர்

உல்லாச வகைக் கப்பல்களில் பயணிகளும் பணியாளரும் ஏறக்குறையச் சம தொகையினர். சமையல், அறைப் பராமரிப்பு, இயந்திர அறை ஆகியவற்றில் பிலிப்பைன்ஸ், இந்தியா, இந்தோனேசியா போன்ற நாடுகளைச் சேர்ந்தோர் பெருமளவில் உழைக்கிறார்கள். ஒப்பந்தம் மாதக்கணக்கில் நீளும். கப்பற் பணியாளர் பற்றிய 2006 ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் குறைந்தது பத்து மணி நேர ஓய்வைக் கட்டாயமாக்குகிறது. பயணி கரையில் பென்குயினோடு நிற்கும் அந்த ஓரிரு மணி நேரத்தில் நூறு அறைகள் துப்புரவாகி, அடுத்த வேளைச் சமையலும் முடிகிறது. விளம்பரப் பிரசுரங்கள் இவர்களைப் புன்னகைக்கும் முகங்களாக மட்டுமே காட்டுகின்றன. கப்பலில் நீர், மின், கழிவுச் சுத்திகரிப்பு எல்லாம் தடையின்றி ஓடுவது இவர்களால்தான். அங்கே பழுது நேர்ந்தால் திருத்திக்கொள்ளப் பக்கத்தில் ஊர் இல்லை.

ஆபத்துகள்

வழிவகுத்த முதற் கப்பலே பனிக்கு இரையானது. பெயர் சுருங்கி 'எக்ஸ்புளோரர்' ஆகியிருந்த லிண்ட்பிளாட்டின் கப்பல், 2007 நவம்பர் 23 அன்று தென் ஷெட்லாந்துத் தீவுகளுக்கு அருகே பனியில் மோதி நீர் புகுந்து மூழ்கியது. கப்பலில் இருந்த 154 பேரும் உயிர்காப்புப் படகுகளில் சில மணி நேரம் மிதந்து, அவ்வழி வந்த நோர்வேக் கப்பல் ஒன்றால் மீட்கப்பட்டனர். அன்று கடல் அமைதியாக இருந்ததும் சில மணி நேரத்தில் வந்துசேரக்கூடிய தூரத்தில் இன்னொரு கப்பல் இருந்ததுமே அவர்களைக் காத்தன. இப்படியான நேரங்களுக்காகவே இன்றைய கப்பல்கள் ஒன்றின் இருப்பிடத்தை மற்றது அறியத்தக்கவாறு பயணத்திட்டங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள துருவக் கடற்போக்குவரத்து விதித்தொகுதி, பகுதியாகவோ முழுதாகவோ மூடிய உயிர்காப்புப் படகு, குளிரிலிருந்து காக்கும் உடை, பயிற்சி பெற்ற அதிகாரிகள் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியுள்ளது.

நோயும் ஒரு பனிப்பாறைதான் என்பதை 2020 காட்டியது. 'கிரெக் மோர்ட்டிமர்' என்ற துருவப் பயணக் கப்பலில் இருந்த 217 பேரில் 128 பேருக்குக் கொரோனாத் தொற்று உறுதியானது. அவர்கள் உருகுவே கரைக்கு அப்பால் நாட்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

சுமையும் கட்டுப்பாடும்

பார உலை எண்ணெயை அந்தாட்டிக்காக் கடலில் எரிப்பதும் ஏற்றிச்செல்வதும் 2011 ஓகஸ்ட் முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. இலகு எண்ணெயும் கரியை உமிழவே செய்கிறது. பனியில் படியும் கரி சூரிய வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஒவ்வொரு பயணியின் வருகையாலும் சுமார் 83 தொன் பனி முன்கூட்டியே உருகுவதாக 2022 இல் வெளியான ஆய்வொன்று கணித்தது.

வட முனையின் மாற்றம் வன்னிக் கரையையும் தொடும். ஆர்க்டிக் துந்திராவில் கூடுகட்டும் கல்திருப்பி உள்ளானும் அதன் உறவினங்களும் மாரியில் கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல் களப்புகளின் சேற்றில் இரை தேடுகின்றன. அவை குஞ்சு பொரிக்கும் நிலம் வெப்பமானால், நம் களப்புக்கு வரும் கூட்டமும் மாறும்.

ஸ்வால்பார்டில் நோர்வே அரசு 2025 ஜனவரி 1 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு 200 பயணிகளுக்கு மேற்பட்ட கப்பல்கள் வரத் தடைவிதித்து, பனிக்கரடியை 300 மீற்றருக்குள், வசந்த காலத்தில் 500 மீற்றருக்குள், அணுகுவதையும் நிறுத்தியது. அங்கே ஓர் அரசு இருப்பதால் அது முடிந்தது. அந்தாட்டிக்காவுக்கு அரசு இல்லை; உடன்படிக்கை நாடுகள் ஒருமனதாக இணங்கினால்தான் எதுவும் நடக்கும். 2024 மே மாதம் கொச்சியில் கூடிய 46 ஆவது ஆலோசனைக் கூட்டத்தில் சுற்றுலாவுக்கென முழுமையான ஒழுங்குச் சட்டகம் வகுக்கும் பணியை அந்நாடுகள் எடுத்துக்கொண்டன. ஒரு கரையில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்பது எப்போதோ முடிவாகிவிட்டது. ஒரு பருவத்தில் மொத்தம் எத்தனை கப்பல், எத்தனை பேர் என்ற உச்சவரம்பு இன்னும் இல்லை. அந்தச் சட்டகத்தில் முதலில் எழுதப்பட வேண்டியது அதுவே.