பின்னத்திலிருந்து தசமத்திற்கு: நியூயார்க் பங்கு விலைகளும் கூட்டல் கணக்கும்

முன்னுரை

தசமக் கூட்டலைப் பயிற்றுவிக்கப் பங்குச் சந்தை சார்ந்த சொற்கணக்குகள் பயன்படுத்தப்படுகின்றன. ‘24.35 டாலர் விலையுள்ள பங்கு 1.40 டாலர் உயர்ந்தால் புதிய விலை என்ன?’ என்பது அத்தகைய வினா. இதன் விடை 25.75. ஆயினும் 2000ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை நியூயார்க் பங்குச் சந்தையில் 24.35 என்ற விலைக்கே இடமில்லை. விலைகள் பின்னங்களில் குறிக்கப்பட்டன. அம்முறை நீடித்ததையும், அதன் மாற்றத்தால் பயன்பெற்றோரையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அரைக்கால் டாலரின் தோற்றம்

1585இல் சைமன் ஸ்டீவின் வெளியிட்ட ‘டி தீண்டே’ என்னும் நூல், வணிகர், நில அளவையாளர் முதலியோர் பின்னங்களைத் தவிர்த்து முழு எண்களைப் போலவே கணக்கிடும் வழியைக் காட்டியது. நாணயங்களும் பத்தின் அடிப்படையில் அமைய வேண்டும் என அவர் வலியுறுத்தினார். 1792 ஏப்ரல் 2ஆம் நாள் இயற்றப்பட்ட நாணயச் சட்டத்தின்வழி அமெரிக்கா தசம நாணய முறையை ஏற்றது. அடுத்த மாதம் 17ஆம் நாள் நியூயார்க்கில் 24 தரகர்கள் செய்துகொண்ட பட்டன்வுட் ஒப்பந்தமே அந்நகரப் பங்குச் சந்தையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் அக்காலத்தில் பெருவழக்கில் இருந்தது எட்டு ரியால் மதிப்புடைய ஸ்பானிய வெள்ளி டாலர். 1857 வரை அது அமெரிக்காவில் சட்டப்படி செல்லுபடியானது. அதன் எட்டில் ஒரு பகுதியே, அதாவது அரைக்கால் டாலரே, பங்கு விலையின் அலகாக நிலைத்தது எனக் கருதப்படுகிறது. நாணயம் தசமமாகியும் சந்தை பின்னத்திலேயே நின்றது.

இருவகைக் கணக்கு

மூன்று பங்குகளின் விலைகள் 24 3/8, 17 7/8, 8 1/2 எனக் கொள்வோம். 1/2 என்பதை 4/8 ஆக்கிக் கூட்டினால் பின்னங்களின் கூடுதல் 14/8, அதாவது 1 3/4. முழு எண்களின் கூடுதலான 49உடன் சேர்க்க, விடை 50 3/4. இதையே 24.375 + 17.875 + 8.5 எனத் தசமத்தில் எழுதினால் 50.75 கிடைக்கும். இங்குப் பகுதியைச் சமமாக்கும் வேலை இல்லை; தசமப் புள்ளிகளை ஒரே நேர்க்கோட்டில் அமைப்பதே முதன்மையானது. புள்ளியைக் கருதாமல் வலது ஓர இலக்கங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும் மாணவர் 42.335 என்ற தவறான விடையை அடைவார். 8.5 என்பதை 8.500 என எழுதிப் பழகினால் இப்பிழை நேராது.

பின்னத்தின் விலை

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான வேறுபாடு இடைநிலை வணிகர்களின் வருவாயாகும். அலகு அரைக்கால் டாலராயின் அவ்வேறுபாடு பங்கு ஒன்றிற்கு 12.5 சென்டுக்குக் குறைய இயலாது. 1,000 பங்குகளுக்கு அது 125 டாலர். வில்லியம் கிறிஸ்டி, பால் ஷுல்ட்ஸ் ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வு மேலும் ஒன்றை வெளிப்படுத்தியது. நாஸ்டாக் சந்தையில் மிகுதியாக விற்பனையான 100 பங்குகளுள் 70இல் 1/8, 3/8, 5/8, 7/8 ஆகிய ஒற்றைப்படைப் பின்ன விலைகள் ஏறத்தாழக் காணப்படவில்லை. இதனால் வேறுபாடு 25 சென்டாகவும், 1,000 பங்குகளுக்கு 250 டாலராகவும் உயர்ந்தது. இதனைத் தொடர்ந்து அரசு விசாரணைகள் நடைபெற்றன.

1997 ஜூன் மாதம் நியூயார்க் சந்தையின் அலகு வீசமாக, அதாவது 1/16 டாலராகக் குறைந்தது. 2001 ஜனவரி 29இல் அச்சந்தையின் பங்குகள் அனைத்தும் தசம விலைக்கு மாறின. ஏப்ரல் மாதத்தில் நாஸ்டாக்கும் மாறியது. 1,000 பங்குகளுக்கான குறைந்தபட்ச வேறுபாடு 10 டாலராயிற்று. சிறு முதலீட்டாளர்கள் பயன்பெற்றனர். எனினும் ஒவ்வொரு விலையிலும் கிடைக்கும் பங்குகளின் எண்ணிக்கை குறைந்ததால், பெருந்தொகையாக வாங்கும் நிறுவனங்களுக்கு இம்மாற்றம் முழு நன்மையாக அமையவில்லை.

முடிவுரை

தசம நாணயத்திற்கும் தசமப் பங்கு விலைக்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி இருந்தது. கணக்கின் கடினம் அதற்குக் காரணமன்று; ஸ்டீவின் அதனை முன்னரே எளிதாக்கியிருந்தார். வழக்கமும், அதனால் வருவாய் பெற்றோரின் நலனும் பின்னத்தை நிலைநிறுத்தின. ஆகவே, இன்றைய மாணவர் கூட்டும் 24.35 என்ற எண் ஒரு பொருளாதார மாற்றத்தின் விளைவு என்பதையும் ஆசிரியர் உடன் விளக்குதல் பயனுடையதாகும்.