கம்பத்துக் கொடியின் குடிவழி

சோழவரம் கடைவீதியில் நாம் வாங்கும் கருநீலப் பன்னீர்த் திராட்சை, தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கினது. ஆண்டு முழுதும் அறுவடை நடைபெறும் நிலம் அது. 2023-ஆம் ஆண்டில் அப்பழத்திற்குப் புவிசார் குறியீடும் கிட்டிற்று. இக்கொடி நம்மிடம் வந்த வரலாறாக வழங்குவது ஒற்றை வரிச் செய்தி. 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொணர்ந்தார் என்பதே அது. ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றொருவர் எழுத, அவ்வாண்டு இன்று கல்வெட்டுப் போல் நிலைத்துவிட்டது. அதனைச் சற்றே உரசிப் பார்க்க விழைகிறேன்.

திராட்சையின் தேறலைத் தமிழர் நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர். புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொணர்ந்த தேறலை மாந்தி இனிது வாழுமாறு பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, கடல்கடந்து வந்த மதுச்சாடிகளின் ஓடுகள் வெளிப்பட்டன. ஆயினும் சாடியுடன் கொடியும் வந்தது என்பதற்கு அப்பாட்டிலும் சான்றில்லை, அவ்வோட்டிலும் சான்றில்லை.

இனி, கொடியே தன் பிறப்பைக் கூறும் வகையைக் காண்போம். ஏடு பதிப்பிப்போர் ஒரு நூலின் பல படிகளை அருகருகே வைத்துப் பாடபேதம் பார்ப்பர். ஒரே பிழை இரண்டு படிகளில் ஒரே இடத்தில் நின்றால், அவ்விரண்டும் ஒரே மூலத்திலிருந்து பெயர்த்தெழுதப்பட்டவை என உய்த்துணர்வர். உ.வே.சாமிநாதையரின் உழைப்பை அறிந்த நமக்கு இது புதிதன்று. மரபணு ஆய்வாளர் செய்வதும் ஏறத்தாழ இதுவே. உயிரணுவினுள் எழுதப்பட்டுள்ள நீண்ட ஏட்டில் ஒவ்வோர் இடத்திற்கும் இரண்டு படிகள் உண்டு. ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. பல இடங்களை ஒப்பிட்டால் பெற்றோர் இன்னார் எனத் துணியலாம்.

காட்டுத் திராட்சையில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. இரண்டும் ஒரே பூவில் அமைந்த கொடியை மனிதன் தேர்ந்து வளர்த்ததே பயிராக்கத்தின் பெருந்திருப்பம். யுன்னான் வேளாண் பல்கலைக்கழகத்தார் முன்னின்று 3,525 கொடிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட முடிவின்படி, ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன், மேற்காசியாவிலும் காக்கசிய மலைப்புறத்திலும் தனித்தனியே திராட்சை பயிராக்கப்பட்டது. உண்ணும் பழமும் மதுவுக்கான பழமும் ஒரு காலத்திலேயே தோன்றின என்பதும் அவர்தம் கருத்து.

நம் பன்னீரின் நறுமணம் மஸ்கட் இனத்தது. மரபணு ஒன்றில் ஓர் எழுத்து மாறிப்போனதால் அம்மணம் மிகுந்தது என்பர். எழுத்துப்பிழைக்கு அஞ்சும் கவிஞர்கள் இப்பிழையை மன்னிப்பார்களாக! அம்மணத்திற்குக் காரணமான ஜெரானியால் என்னும் பொருள் ரோசா எண்ணெயிலும் உள்ளது. வேதியியல் அறியாத நம் மக்கள் மூக்கை நம்பி இட்ட 'பன்னீர்' என்னும் பெயர் எத்துணைப் பொருத்தம்!

இப்பழத்தை நூலோர் மஸ்கட் ஹாம்பர்க் என்பர். 2003-இல் இத்தாலிய ஆய்வாளர் மன்னா கிரெஸ்பன் மரபணுக் குறிகளைக் கொண்டு அதன் பெற்றோரை உறுதிசெய்தார். ஒன்று அலெக்சாந்திரிய மஸ்கட். மற்றது ஸ்கியாவா கிரோசா. பின்னதையே ஆங்கிலேயர் பிளாக் ஹாம்பர்க் என்றனர். இலண்டனை அடுத்த ஹாம்ப்டன் அரண்மனையில் 1768-இல் நடப்பெற்று இன்றும் காய்த்துவரும் பெருங்கொடி அவ்வினத்ததே.

இவ்விரண்டும் கூடியது எங்கே? இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷயரில், கண்ணாடி வேய்ந்த கொடிமனையில், சீவர்டு ஸ்னோ என்னும் தோட்டக்காரர் 1850-ஐ ஒட்டி இவ்வினத்தை உருவாக்கினார் என்கிறது தோட்டக்கலை வரலாறு. இங்கேதான் நம் 1832 இடறுகிறது. பிறவாத பிள்ளையை எவரும் கப்பலில் ஏற்றி வர இயலாதன்றோ?

பாதிரியார் செய்தி முழுப்பொய் என நான் கருதவில்லை. திருப்பலிக்குத் திராட்சை இரசம் வேண்டும். ஆதலின் குருமார் கொடி நட்டது இயல்பே. அவர் நட்டது வேறோர் இனமாக இருந்து, பின்னாளில் வந்த மஸ்கட் ஹாம்பர்க் அவ்விடத்தையும் அவ்வாண்டையும் சேர்த்தே கைப்பற்றியிருக்கலாம் என்பது என் துணிபு. இதனால் கம்பத்து உழவர்க்கு இழுக்கொன்றும் இல்லை. அவர்தம் பெருமை மண்ணாலும் கவாத்துத் திறத்தாலும் வந்தது, ஆண்டுக்கணக்கால் அன்று.

மரபணுவுக்கும் ஓர் எல்லை உண்டு. பன்னீர்த் திராட்சை விதையால் பெருக்கப்படுவதன்று. குச்சியை வெட்டி நட்டே பெருக்கப்படுகிறது. ஆகவே ஸ்னோவின் கொடிமனையில் வளர்ந்த முதற்கொடியும் கம்பத்துப் பந்தலில் இன்று தொங்கும் கொடியும் குடிவழியால் ஒரே கொடி. பெற்றோரைக் காட்டும் அவ்வேடு, எந்தக் கப்பலில் எந்த ஆண்டில் வந்தது எனக் காட்டாது. அதற்கு மறைமாவட்டங்களின் பழங்கடிதங்களையும் துறைமுகக் கணக்குகளையும்தான் புரட்டவேண்டும். பிரெஞ்சு அறிந்த தமிழர் எவரேனும் முன்வருவாராக.