நாக்பூரில் காத்திருந்த விமானங்கள்

நாச்சாரம், ஹப்சிகூடா, தார்நாக்கா பக்கம் இருக்கிற நம்ம ஊர்க்காரர்கள் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. "நடுவுல ரெண்டு மணி நேரம்தான் இருக்கு சார், பத்துமா?" மகள் பிரசவத்துக்கு டல்லாஸ் போகிற அம்மாவுக்காகக் கேட்பார்கள். முதல் தடவையாக டொரண்டோ போகிற பையனுக்காகக் கேட்பார்கள். கையில் டிக்கெட் பிரிண்ட் அவுட் இருக்கும். அதில் துபாய், தோஹா, ஃபிராங்க்ஃபர்ட் என்று ஏதோ ஒரு ஊர் நடுவில் இருக்கும். அந்த ஊரில் இவர்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனால் பயணத்தின் பயம் முழுக்க அங்கேதான்.

இந்தக் கனெக்டிங் ஃபிளைட் என்கிற ஏற்பாடு எங்கே, எப்படி வந்தது என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். தேடல் கொண்டுபோய் விட்ட இடம் துபாயும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. நம்ம நாக்பூர்! அந்தக் கதையைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் ரயிலில் போய்விட்டு வரலாம்.

வண்டி மாறுவது நமக்குப் புதுசில்லை. விழுப்புரம், விருத்தாசலம், திண்டுக்கல் என்று ஜங்ஷன் ஜங்ஷனாக மாறிப் பழகியவர்கள் நாம். அதிலும் பெரிய மாற்றம் போட் மெயில். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும், எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில். எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம். ரயில் வந்து சேர்ந்தால்தான் கப்பலுக்கு ஆள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோகும்வரை இது நடந்தது. இந்த "ஒரே டிக்கெட்" விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது ஆகாயத்துக்கு. 1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து புஸ் மாத் என்கிற குட்டி விமானத்தில் தபால் மூட்டையோடு கிளம்பினார். அகமதாபாத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் வந்த பெட்ரோல் டின்களை ஊற்றிக்கொண்டு, பம்பாய் ஜுஹு போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் மூட்டையை வாங்கிக்கொண்டு மெட்ராஸ் பக்கம் பறந்தார். வழியில் பெல்லாரியில் ராத்தங்கல், மறுநாள் மெட்ராஸ். (பிற்பாடு பெல்லாரியை விட்டுவிட்டு ஹைதராபாத் வழியாகப் போக ஆரம்பித்தார்கள்.) இந்தியாவின் முதல் விமான சேவை என்று இதைக் கொண்டாடுகிறோம். சரிதான். ஆனால் நன்றாகப் பார்த்தால் இது ஒரு கனெக்டிங் ஃபிளைட். லண்டன் தபாலை இம்பீரியல் ஏர்வேஸ் கராச்சி வரை கொண்டுவரும். அதற்கு மேலே தெற்கே கொண்டுபோகத்தான் டாடாவின் விமானம். லண்டன் மூட்டை வராமல் இவர் கிளம்பி என்ன பிரயோஜனம்? காத்திருப்பதுதான் வேலையே.

இனி நாக்பூர்.

சுதந்திரம் வந்த புதிது. தபால், தொலைத்தொடர்பு எல்லாம் ரஃபி அகமது கித்வாய் என்ற மந்திரியிடம் இருந்தது. பகலில்தான் விமானங்கள் ஓடின. சாயங்காலம் பெட்டியில் போட்ட கடிதம் ராத்திரி முழுக்கச் சும்மா கிடக்கும். ராத்திரியிலேயே பறக்கவிட்டால் என்ன? டில்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் என்று நாலு ஊர். வரைபடத்தில் நாலுக்கும் ஏறக்குறைய நடுவில் நாக்பூர். 1949 ஜனவரி 30, காந்தி மறைந்து சரியாக ஒரு வருஷம் ஆன நாளில், ராத்திரி விமானத் தபால் தொடங்கியது.

ஏற்பாடு ரொம்ப எளிமை. ராத்திரி நாலு ஊரிலிருந்தும் ஒவ்வொரு விமானம் நாக்பூரை நோக்கிக் கிளம்பும். மெட்ராஸ் விமானத்தில் மற்ற மூன்று ஊர்களுக்கான மூட்டைகள். நள்ளிரவு தாண்டி நாலும் சோனேகாவ் விமான நிலையத்தில் வந்து நிற்கும். மூட்டைகள் இறங்கி, ஊர்வாரியாகப் பிரிந்து, வேறு விமானத்தில் ஏறும். பயணிகளும் அப்படியே மாறி ஏறுவார்கள். விடிவதற்குள் விமானங்கள் திரும்பவும் தத்தம் ஊரில். மெட்ராஸில் நேற்றுப் போட்ட கடிதம் காலையில் டில்லியில்!

இதில் இருக்கிற கணக்கைப் பாருங்கள். நாலு ஊர்களை ஒன்றோடொன்று நேராக இணைக்க ஆறு தடங்கள் வேண்டும். போக ஒன்று வர ஒன்று என்றால் ராத்திரிக்கு 12 பயணம். நாக்பூரில் சந்தித்தால் நாலே நாலு விமானம் போதும். இதுவே பத்து ஊர் என்றால் நேர்த்தடங்கள் 45. நடுவில் ஒரு ஊர் வைத்துக்கொண்டால் பத்துத்தான். மாட்டு வண்டிச் சக்கரத்தில் நடுவில் குடமும் அதில் செருகிய ஆரக்கால்களும் இருக்குமே, அதே வடிவம். இன்றைக்கு விமானக் கம்பெனிகள் ஹப் என்று சொல்வது இந்தக் குடத்தைத்தான்.

அதே வருஷம் ஏப்ரல் 1 முதல் இன்னொன்றும் செய்தார்கள். உள்நாட்டுக் கடிதங்களுக்கு விமானத்துக்கென்று தனிக் கட்டணம் கிடையாது. சாதாரணத் தபால் தலை ஒட்டினாலே போதும், வசதி இருந்தால் விமானத்தில் போகும். விமானத்தைக் கிட்டத்தில் பார்த்திராதவர்களின் கடிதமும் நாக்பூரில் விமானம் மாறியது என்று அர்த்தம். டில்லியில் குமாஸ்தாவாக இருந்த தஞ்சாவூர்க்காரருக்கும், பம்பாய் மாட்டுங்காவில் குடித்தனம் வைத்த பாலக்காட்டுக்காரருக்கும் ஊர்ச் செய்தி ஒரு நாள் முன்னால் வந்தது. வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒரு நாள் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹைதராபாத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1945இல் நிஜாம் ஸ்டேட் ரயில்வேயும் டாடாவும் சேர்ந்து டெக்கான் ஏர்வேஸ் என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். ஜங்ஷன் என்றால் என்னவென்று தெரிந்த ரயில்வே நடத்திய விமானக் கம்பெனி! ராத்திரித் தபாலை வேறு வேறு கம்பெனிகள் மாறி மாறி ஓட்டின. டெக்கான் ஏர்வேஸும் அதில் ஒன்று. 1953 ஆகஸ்ட் 1இல் எட்டுக் கம்பெனிகளையும் ஒன்றாக்கி இந்தியன் ஏர்லைன்ஸ் பிறந்தபோது டெக்கான் ஏர்வேஸும் அதில் கரைந்தது.

இதெல்லாம் சும்மா கிடைத்துவிடவில்லை. ஓடியவை டக்கோட்டா விமானங்கள். மேகத்துக்கு மேலே உயரமாகப் பறக்க முடியாதவை. மழைக்காலம், கும்மிருட்டு, எல்லாவற்றிலும் அதே நேரத்துக்குக் கிளம்பியாக வேண்டும். 1953 டிசம்பர் 12 விடியுமுன் நாக்பூரிலிருந்து மெட்ராஸுக்குக் கிளம்பிய விமானம் மேலே ஏறிய சற்று நேரத்தில் விழுந்து எரிந்தது. விமானி மட்டும் பிழைத்தார், 13 பேர் இறந்தார்கள். தொழிற்சங்கத் தலைவரும் எம்.பி.யுமான ஹரிஹர்நாத் சாஸ்திரி அவர்களில் ஒருவர். அதற்குப் பிறகு நாலு இன்ஜின் ஸ்கைமாஸ்டர்கள் வந்தன. 1970களில் ஜெட் விமானங்கள் பகலிலேயே ஊருக்கு ஊர் நேராகப் போக ஆரம்பித்த பிறகு நாக்பூரின் நள்ளிரவுச் சந்தை கலைந்தது.

சக்கரம் மட்டும் நிற்கவில்லை. 1973 ஏப்ரல் 17 ராத்திரி அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரில் ஃபெடரல் எக்ஸ்பிரஸ் தன் சேவையைத் தொடங்கியது. 14 விமானம், 25 ஊர், 186 பார்சல். எல்லாம் ராத்திரி ஒரே இடத்துக்கு வந்து, பிரிந்து, விடிவதற்குள் ஊர் திரும்பின. நாக்பூர் இதைச் செய்து 24 வருஷம் ஆகியிருந்தது. 1978இல் அமெரிக்க அரசு எந்தக் கம்பெனி எங்கே பறக்கலாம் என்ற கட்டுப்பாட்டை எடுத்ததும், பயணிகளுக்கும் இதே சக்கரம் வந்துவிட்டது. செத்து சொர்க்கம் போனாலும் நரகம் போனாலும் அட்லாண்டாவில் மாறித்தான் போக வேண்டும் என்று அந்த ஊர்ப் பக்கம் ஒரு ஜோக். 1985 அக்டோபர் 25இல் எமிரேட்ஸின் முதல் விமானம் துபாயிலிருந்து கராச்சிக்குப் பறந்தது. டாடா கிளம்பிய அதே கராச்சி. இன்றைக்கு வளைகுடா விமான நிலையங்களில் நடுராத்திரி விமானங்கள் கூட்டமாக வந்து இறங்கி, ரெண்டு மூணு மணி நேரத்தில் கூட்டமாகக் கிளம்புகின்றன. நாக்பூர்தான், ஆனால் பல மடங்கு பெரிய நாக்பூர்.

பல மடங்கு ஆனதில்தான் ஒரு விஷயம் தொலைந்தது. நாலு விமானம் சந்திக்கிற இடத்தில் ஒன்று தாமதமானால் மற்ற மூன்றும் காத்திருக்கும். வேறு வழியில்லை, ஏற்ற வேண்டிய மூட்டை அதில்தானே இருக்கிறது! நூறு விமானம் சந்திக்கிற இடத்தில் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்தால், அதன் தாமதம் அடுத்த ஊரில் இன்னொரு கனெக்‌ஷனை உடைக்கும், அது இன்னொன்றை. அதனால் பெரும்பாலும் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. கேட் மூடினால் மூடினதுதான். தாமதத்தின் பாரம் விமானத்திடமிருந்து பயணியின் தலைக்கு மாறிவிட்டது. அதாவது முழங்கால் வலியோடு முதல் தடவை தனியாகப் போகிற அம்மாவின் தலைக்கு.

ஹைதராபாத்திலேயே இந்தப் பெருக்கத்தைப் பார்த்தோம். 2008 மார்ச் வரை நாச்சாரத்திலிருந்து தார்நாக்கா, சிகந்தராபாத் தாண்டினால் பேகம்பேட் ஏர்போர்ட். அங்கே உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் தனித்தனி டெர்மினல். (உள்நாட்டு டெர்மினலுக்கு என்.டி.ஆர். பெயர். அவருடைய ஸ்டுடியோ ஒன்று நாச்சாரத்திலேயே இருந்தது.) 2008 மார்ச் 23இல் எல்லாம் ஷம்ஷாபாத்துக்குப் போனது. 4,260 மீட்டர் ஓடுபாதை, உள்நாடும் வெளிநாடும் ஒரே கூரையின் கீழ். மாறி ஏறுபவருக்கு சௌகரியம். நாச்சாரத்துக்காரருக்குத்தான் பயணம் வீட்டு வாசலிலேயே நீண்டுவிட்டது.

சரி, காத்திருத்தல் முழுசாகச் செத்துவிட்டதா? இல்லை. அது டிக்கெட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு ஏர்போர்ட்டுக்கும் மினிமம் கனெக்டிங் டைம் என்று ஒரு அளவு உண்டு. ஒரே டிக்கெட்டாக விற்கும்போது அதற்குக் குறைவான இடைவெளியில் விற்க மாட்டார்கள். அப்படி வாங்கிய டிக்கெட்டில் முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால், உங்களைக் கடைசி ஊரில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது அவர்கள் பாடு. 2013இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. பிரெமனிலிருந்து பாரிஸ், சாவோ பாலோ வழியாகப் பராகுவேயின் அசுன்சியோனுக்குப் போன ஒரு பயணி. முதல் விமானம் கிளம்பத் தாமதமானது சுமார் இரண்டரை மணி நேரம்தான். கனெக்‌ஷன்கள் விட்டுப்போய் அவர் போய்ச் சேர்ந்ததோ 11 மணி நேரம் தாமதமாக. கடைசி ஊரில் எப்போது இறங்கினார் என்பதுதான் கணக்கு, நஷ்ட ஈடு கொடு என்று தீர்ப்பு வந்தது. எழும்பூரில் வாங்கி கொழும்பு வரை போன டிக்கெட்டுக்கு இருந்த அர்த்தம்தான் இது.

ஆகவே "ரெண்டு மணி நேரம் பத்துமா?" என்று கேட்பவரிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "ஒரே டிக்கெட்டா, ரெண்டா?" என்றுதான். சில ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று தனித்தனியாக இரண்டு டிக்கெட் வாங்கினால், இரண்டாவது கம்பெனிக்கு நீங்கள் வழக்கமாக "வராத பயணி", அவ்வளவுதான். அடுத்ததாகப் பெட்டி. அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலும், வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குள் வரும்போது முதல் ஊரிலும் பொதுவாக இமிகிரேஷன் முடித்து, பெட்டியை பெல்ட்டில் எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி போட வேண்டும். அங்கே இரண்டு மணி நேரம் காணாது. மினிமம் என்பது வழி தெரிந்து வேகமாக நடப்பவருக்கான அளவு. பெரியவர்களுக்கு டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள். கால் நன்றாக இருந்தாலும், பாஷை தெரியாத இடத்தில் கேட் வரை கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் கிடைக்கும்.

இந்தக் கணக்கெல்லாம் நிதானமாக டிக்கெட் போடும்போது எல்லோரும் பார்ப்பதுதான். தவறுவது ஊரிலிருந்து அந்த ஃபோன் வரும்போது. அப்பாவுக்கு முடியவில்லை, உடனே வா என்றதும், எது முதலில் கிளம்புகிறதோ அதைப் போட்டு, சென்னையிலிருந்து திருச்சிக்கு ஒன்றரை மணி நேர இடைவெளியில் தனி டிக்கெட் ஒன்றையும் போட்டுவிடுவோம். அன்றைக்குத்தான் அப்படிச் செய்யக் கூடாது. திருச்சி வரைக்கும் ஒரே டிக்கெட் கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் சென்னையில் இறங்கி காரில் போய்விடுங்கள். 320 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம். அந்த வண்டி உங்களுக்காக வாசலில் காத்திருக்கும்.