கொக்கல – பேர்த்: 32 மணித்தியாலம் 9 நிமிடம்

அவுஸ்திரேலியாவில சொந்தக்காரர் இருக்கிற வீடுகளில் அடிக்கடி கேட்கிற கேள்வி, "எத்தனை மணித்தியாலம் பிளைட்?" எத்தனை கிலோமீற்றர் எண்டு ஒருத்தரும் கேட்கிறதில்லை. எங்கட தென்கரைக்கும் பேர்த்துக்கும் இடையில் ஏறக்குறைய 5,650 கிலோமீற்றர். இன்றைய ஜெட் ஒன்று நேரே பறந்தால் ஏழு மணித்தியாலம் மட்டில் போகும். 1943 இல் அதே தூரத்துக்கு 27 முதல் 32 மணித்தியாலம் சொச்சம் வரை எடுத்தது. அதுவும் நடுவில் எங்கயும் இறங்காமல்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்ததோடு, பிரித்தானியாவையும் அவுஸ்திரேலியாவையும் இணைத்த வான்பாதை அறுந்து போனது. அதைத் திரும்ப ஒட்ட வைத்த இடம் காலிக்குக் கிழக்கே இருக்கிற கொக்கல. பேர்த்தில் சுவான் நதியில் இருந்து கிளம்பி, கொக்கல வாவியில் வந்து இறங்கும் கட்டலினா என்ற கடல் விமானங்களை குவாண்டாஸ் நிறுவனம் ஓட்டியது.

வேகம் மணிக்கு 200 கிலோமீற்றர் அளவுதான். எரிபொருளே பெரும்பாரம் என்பதால் மூன்று பயணிகளுக்கும் கொஞ்சம் தபாலுக்கும் மட்டுமே இடம். ஆயுதம் கிடையாது. ஜப்பானியரின் காதில் விழாமல் இருக்க ரேடியோவையும் மௌனமாக வைத்தார்கள். அப்ப வழி எப்படித் தெரியும்? நட்சத்திரம் பார்த்துத்தான். ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களையே வைத்திருந்தார்கள். அதில் ஸ்பைக்கா எங்கட சித்திரை, அன்டாரிஸ் கேட்டை, அல்டெயர் திருவோணம். பஞ்சாங்கம் பார்க்கிற எங்கட அம்மம்மாவுக்குத் தெரிந்தால் சிரித்திருப்பா.

ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு தரம் உதிக்கும். அதனால் "இரட்டைச் சூரியோதயம்" என்ற பெயர் நிலைத்தது. பயணிகளுக்கு அதற்கென்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். 1945 ஜூலை வரை 271 தடவை கடலைக் கடந்தார்கள். ஆக நீண்ட பயணம் 32 மணித்தியாலம் 9 நிமிடம். தூரத்தில் அதை எப்பவோ முந்தியாச்சு: 2018 இல் தொடங்கிய பேர்த் – லண்டன் பறப்பு 14,500 கிலோமீற்றர் அளவு, ஆனால் 17 மணித்தியாலம்தான். அந்தரத்தில் இருந்த நேரத்தைத்தான் இன்னும் முந்தவில்லை. சிட்னியில் இருந்து லண்டனுக்கு நேரே பறக்கும் தன் புதிய திட்டத்துக்கு குவாண்டாஸ் "சன்ரைஸ்" என்று பெயர் வைத்ததும் இந்த நினைவில்தான்.

இதெல்லாம் விமானப் பிரியர்கள் விரும்பிச் சொல்லுற கதை. அவர்கள் குறைவாகக் கதைக்கிற பக்கம் ஒன்று இருக்கு. வாவிக்கரையில் விமானத் தளம் அமைக்க 1942 இல் கொக்கலக் கிராமத்தைக் காலி செய்ய வைத்தார்கள். சாமான் கட்டக்கூட நேரம் போதாத அவகாசம். எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ஊர் அது. அவர் பிறந்த வீடு தப்பியது, அக்கம்பக்கத்து வீடுகள் போய்விட்டன. பலாலிக்குப் பக்கத்தில் வீடிருந்த ஆக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதுவும் அதே போர்க்காலத்தில் பிரித்தானியர் போட்ட ஓடுபாதைதான். அங்க ஊர் எழும்பினது 1990 இல்.

போர் முடிந்ததும் ஐந்து கட்டலினாக்களையும் அவுஸ்திரேலியக் கடலில் மூழ்கடித்தார்கள். கொக்கலயில் விக்கிரமசிங்கவின் வீடு இப்போது நாட்டார் அருங்காட்சியகத்தின் பகுதி. அந்த வளவுக்குள் மாட்டு வண்டில், மீன் கூடை, ஏர் எல்லாம் இருக்கு.