கப்பல் மூழ்கிய நாள் வரை

லண்டனில் ஆன்சைட்டில் இருந்த எட்டு மாதமும் எனக்கு மதியச் சாப்பாடு பெரும்பாலும் டவர் ஹில் பக்கத்து டிரினிட்டி ஸ்கொயர் பூங்காவில்தான். அலுவலகத்து மைக்ரோவேவ் முன்னால் எப்போதும் வரிசை. என் முறை வந்து ரசம் சாதத்தைச் சூடுபண்ணினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எதற்கு வம்பு என்று ஆறிப்போன டப்பாவோடு வெளியே வந்துவிடுவேன். பூங்காவின் ஒரு பகுதி தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமாக இருக்கும். அங்கே காற்று அடிக்காது. ஒரு மாதம் அங்கே உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான், சாய்ந்துகொண்டிருந்த சுவர் முழுக்கப் பெயர்கள் என்பதைக் கவனித்தேன்.

வெண்கலத் தகடுகள். மேலே கப்பலின் பெயரும் அது பதிவான துறைமுகமும், அடியில் ஆட்களின் பெயர்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்து, கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத வணிகக் கப்பல்காரர்கள், மீன்பிடிப் படகுக்காரர்கள். கிட்டத்தட்ட 24,000 பேர். பக்கத்திலேயே முதல் உலகப் போருக்கான மண்டபம் இருக்கிறது, அதில் சுமார் 12,000 பேர். அதை வடிவமைத்தவர் நம் புது டெல்லியைக் கட்டிய அதே லுட்யென்ஸ். இவர்களில் யாரும் சட்டப்படி படைவீரர் இல்லை, கூலிக்கு வேலை பார்த்தவர்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் தூத்துக்குடிக்கு மாமாவைக் கூப்பிட்டேன். முப்பது வருஷம் டாங்கர் கப்பல்களில் பம்ப்மேனாக இருந்தவர். போட்டோ அனுப்பியிருந்தேன். பார்த்துவிட்டு முதலில் கேட்டது சம்பளத்தைப் பற்றித்தான்.

"கப்பல்காரனுக்குக் கம்பெனியா மாப்ள முதலாளி? கப்பல்தான் முதலாளி. சைன் ஆன் பண்ணுன அன்னைக்கு மீட்டர் ஓட ஆரம்பிக்கும், சைன் ஆஃப் ஆனா நின்னுரும். ஊர்ல கெடக்குற நாலு மாசத்துக்கு எவன் சம்பளம் தாரான்? இந்தப் பயலுவளுக்குக் கப்பலே முழுகிப் போச்சு. அப்போ சம்பளம்?"

அந்தக் கேள்வியைத் தேடிப் போனதில்தான் இந்தக் கட்டுரை.

பழைய ஆங்கிலேயக் கடல் சட்டத்தில், சரக்கு போய்ச் சேர்ந்து வாடகைப் பணம் வந்தால்தான் மாலுமிக்குக் கூலி. கப்பல் வழியில் மூழ்கினால், உயிர் தப்பி நீந்திக் கரைசேர்ந்தவனுக்கும் அதுவரை உழைத்த மாதங்களுக்குக் காசு கிடையாது. கப்பலைக் கைவிடாமல் கடைசிவரை போராடுவான் என்ற கணக்கு. 1854 சட்டம் இதை ஒழித்தது. அதன் வழிவந்த 1894 வணிகக் கப்பல் சட்டமும் கப்பல் அழிந்த நாள் வரை கூலி உண்டு என்றது, அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. ஒப்பந்தம் கப்பலோடு போடப்பட்டது, கப்பல் இல்லையென்றால் ஒப்பந்தமும் இல்லை. ஒரு புரோக்ராமராக எனக்கு இந்தத் தர்க்கத்தின் சுத்தம் புரிகிறது. அதனாலேயே பயமாகவும் இருக்கிறது.

இணையத்தில் இந்தக் கதை ஒரே வரியாக உலவுகிறது: டார்பிடோ பட்ட நிமிஷமே சம்பளத்தை நிறுத்தினார்கள், உயிர்காக்கும் படகில் கிடந்த நாட்களுக்குக் காசு இல்லை. கேட்கும்போது ரத்தம் கொதிக்கும். ஆனால் முழு உண்மை அது இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1920 உடன்படிக்கையைத் தொடர்ந்து, பிரிட்டன் 1925இல் ஒரு சட்டம் போட்டது. கப்பல் அழிந்து வேலையற்று நிற்பவனுக்கு இரண்டு மாதம்வரை அதே விகிதத்தில் பணம் உண்டு. ஆகவே 1940இல் மூழ்கிய கப்பலின் ஆள் உடனே வெறுங்கையோடு நின்றான் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அவனுக்குக் கிடைத்தது வேலையிழப்பு ஈட்டுத்தொகை. அவன் வேலையில் இருப்பவனாகக் கருதப்படவில்லை. அடுத்த கப்பல் கிடைக்கும்வரை அவன் யாருக்கும் சொந்தமில்லாதவன்.

1941 மே மாதம்தான் இது மாறியது. போருக்கு ஆள் போதவில்லை. வணிகக் கப்பல் துறைக்கான அத்தியாவசியப் பணி ஆணை வந்து, மாலுமிகளையெல்லாம் ஒரு பொதுத் தொகுப்பில் சேர்த்தார்கள். இரண்டு கப்பலுக்கு நடுவில் காத்திருக்கும் நாளுக்கும் சம்பளம். எங்கள் மொழியில் சொன்னால் பெஞ்ச். ஐடியில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை: ப்ராஜெக்ட் முடிந்தாலும் சம்பளம் வரும், கூடவே எங்கே அனுப்பினாலும் போ என்பதும் வரும். மாலுமிக்கும் அதேதான். நிரந்தர வருமானம் கிடைத்தது, தொழிலை விட்டுப் போகிற உரிமை போனது.

இந்தியாவிலிருந்து 'லாஸ்கர்' ஒப்பந்தத்தில் போனவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. அதே கப்பல், அதே பாய்லர் அறை, ஆனால் வெள்ளைக்கார மாலுமியின் கூலியில் ஒரு சிறு பங்கு. 1939இல் போர் தொடங்கியதும் பல துறைமுகங்களில் அவர்கள் கூலி உயர்வு கேட்டுக் கப்பலேற மறுத்தார்கள். நிறையப் பேர் சிறைக்குப் போனார்கள். இறந்தவர்களில் பெரும்பாலானோரின் பெயர் டவர் ஹில் சுவரில் இல்லை. இந்தியக் கடற்படையினரையும் சேர்த்துச் சுமார் 6,500 பெயர்கள், சட்டோகிராமிலும் மும்பை மாலுமிகள் இல்லத்திலும் இருக்கும் நினைவுப் பதிவில் இருக்கின்றன. மரணத்திலும் தனி ஒப்பந்தம்.

இதுவரை சொன்னது சரக்குக் கப்பல்காரர்களின் கதை. கடற்படைக்கென்றே உழைத்தும் கடற்படையினர் ஆகாத இன்னொரு கூட்டம் உண்டு. அவர்களுடைய சின்னமும் அதே பூங்காவில் இருக்கிறது. ஃபாக்லாந்து போரில் இறந்த கப்பல் தொழிலாளர்களுக்காக 2005இல் திறந்தது. முதல்முறை அதைப் படித்தபோது ஆங்கிலேயப் பெயர்களுக்கு நடுவே சீனப் பெயர்கள் இருப்பது உறுத்தியது. பிரிட்டனும் அர்ஜென்டினாவும் தென் அட்லாண்டிக்கில் போட்ட சண்டையில் இவர்களுக்கு என்ன வேலை?

பதில் 1905இல் தொடங்குகிறது. அந்த ஆகஸ்டு 3ஆம் தேதி பிரிட்டிஷ் அட்மிரால்டி ஒரு சுற்றறிக்கை விட்டு 'ராயல் ஃப்ளீட் ஆக்சிலியரி' என்ற பெயரை உருவாக்கியது. கடற்படைத் துணைக் கப்பல் அணி என்று சொல்லலாம். போர்க்கப்பல் நிலக்கரி தின்னும் மிருகம். அதற்குப் பின்னாலேயே கரி சுமந்த கப்பல் போயாக வேண்டும், பிறகு எண்ணெய் சுமந்த கப்பல். அந்த வேலைக்கு எதற்குப் படைவீரன்? கப்பல் அரசாங்கத்துடையதாக இருக்கட்டும், ஆட்கள் வணிகக் கப்பல் ஒப்பந்தத்தில் வரட்டும். போர்க்கப்பல் வெள்ளைக் கொடி பறக்கவிடும், இவர்களுக்கு மஞ்சள் நங்கூரம் போட்ட நீலக் கொடி.

வேலை ஒன்றும் லேசு இல்லை. நடுக்கடலில் எண்ணெய்க் கப்பலும் போர்க்கப்பலும் பக்கம் பக்கமாக, நாற்பது ஐம்பது மீட்டர் இடைவெளியில், ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் ஓட வேண்டும். நடுவில் கம்பிவடத்தில் தொங்கும் குழாய். இரண்டு கப்பலும் ஒன்றையொன்று உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்க்கும். சுக்கான் பிடிப்பவன் ஒரு டிகிரி தவறினால் போச்சு. மாமாவிடம் இதைச் சொன்னபோது, "கரையில கட்டி வச்சு எண்ணெய் ஏத்துறதுக்கே எங்களுக்குக் கை நடுங்கும்" என்றார்.

1982இல் வந்தது ஃபாக்லாந்து. அதற்கு முந்தைய வருஷம்தான் பாதுகாப்புச் செலவைக் குறைக்கிறோம் என்று கடற்படையை வெட்டியிருந்தார்கள். டைட்பூல் என்ற எண்ணெய்க் கப்பலைச் சிலி நாட்டுக்கு விற்றாகிவிட்டது. ஒப்படைக்கச் சிலிவரை போன கப்பலைக் கொஞ்சம் திருப்பித் தாருங்கள் என்று கேட்டு வாங்கி, போருக்கு அழைத்துப் போய், முடிந்ததும் சிலியிடமே கொடுத்தார்கள். இந்தச் சம்பவத்தை யாராவது நாவலில் எழுதினால் நம்ப மாட்டேன்.

படையையும் தளவாடத்தையும் கரையிறக்கும் 'சர்' வகைக் கப்பல்கள் இந்தத் துணை அணியுடையவை. அதிகாரிகள் பிரிட்டிஷ்காரர்கள், மற்ற மாலுமிகள் ஹாங்காங் சீனர்கள். போர்க்கப்பல்களிலும் சீனர்கள் உண்டு, சலவைக்காரர்களாக. கடற்படையின் துணியைத் துவைக்கும் வேலை வெளி ஆட்களுக்குப் போயிருந்தது. மே 4 அன்று ஷெஃபீல்டில் எக்ஸோசெட் ஏவுகணை பாய்ந்தபோது இறந்த 20 பேரில் ஒருவர் சலவைக்காரர். மே 25 அன்று கோவென்ட்ரி மூழ்கியபோது இன்னொருவர். அதே நாள் அட்லாண்டிக் கன்வேயர் என்ற சரக்குக் கப்பல் எரிந்தது, 12 பேர் இறந்தார்கள். கேப்டனும் போனார், இரண்டு சீன மாலுமிகளும் போனார்கள்.

ஜூன் 8. ஃபிட்ஸ்ராய் பக்கத்தில் சர் கலஹாட், சர் டிரிஸ்ட்ரம் இரண்டும் பட்டப்பகலில் நங்கூரமிட்டு நின்றன. கலஹாடுக்குள் வெல்ஷ் கார்ட்ஸ் படையினர் இறங்கக் காத்திருந்தார்கள். அர்ஜென்டின ஸ்கைஹாக் விமானங்கள் வந்தன. கலஹாடில் மட்டும் 48 பேர் இறந்தார்கள், அதில் 32 பேர் வெல்ஷ் கார்ட்ஸ். தீப்பிடித்த தளத்துக்குள் திரும்பத் திரும்ப நுழைந்து காயம்பட்ட படையினரை இழுத்து வந்தவர் சியூ யூ நாம் என்ற ஹாங்காங் மாலுமி. அதே கப்பலில் பால் ஹென்றி என்ற இன்ஜினியர், தன் சுவாசக் கருவியைச் சக ஊழியரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு உள்ளேயே இறந்தார். இருவருக்கும் ஜார்ஜ் பதக்கம். எரிந்த கலஹாடை ஜூன் கடைசியில் வெளிக்கடலுக்கு இழுத்துப் போய், தங்கள் நீர்மூழ்கியின் டார்பிடோவாலேயே மூழ்கடித்து, போர்க்கல்லறை என்று அறிவித்தார்கள்.

அந்தப் போரில் இறந்த ஹாங்காங் சீனர்கள் மொத்தம் எட்டுப் பேர்.

1983 ஜனவரி 1 அன்று புதிய பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஹாங்காங் மக்கள் 'சார்பு நிலப்பகுதிக் குடிமக்கள்'. பிரிட்டனில் வந்து குடியிருக்கும் உரிமை அந்தத் தகுதியில் கிடையாது. ஃபாக்லாந்துக்காரர்களும் முதலில் அதே பட்டியலில்தான். ஆனால் போர் நடந்துவிட்டதே. 1983லேயே தனிச் சட்டம் போட்டு அவர்களை முழுக் குடிமக்கள் ஆக்கினார்கள். எந்தத் தீவை மீட்கப்போய் அந்த எட்டுப் பேர் செத்தார்களோ, அந்தத் தீவுக்குக் கிடைத்தது அவர்களுடைய ஊருக்குக் கிடைக்கவில்லை. தீவுக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு கோப்புகளும் ஒரே கட்டடத்தில்தானே நகர்ந்திருக்கும் என்று மட்டும் யோசிக்கிறேன்.

துணை அணி இன்றும் இருக்கிறது. கப்பல்களில் துப்பாக்கி உண்டு, கடற்படை போலவே சீருடை உண்டு. ஊழியர்கள் பாதுகாப்பு அமைச்சகத்தின் சிவில் பணியாளர்கள். ராணுவக் கட்டுப்பாடு தேவைப்பட்டால் 'ரிசர்வ்' வீரர்களாக மாற்றிக்கொள்ளவும் ஏற்பாடு இருக்கிறது. ஆபத்துக்கு வீரன், சம்பளத்துக்குச் சிவிலியன். ஊதிய உயர்வு படையினருக்கு ஒரு வழியில் வரும், இவர்களுக்குச் சிவில் பணி வரம்புக்குள். 2023–24க்கு 4.5 சதவீதம் தருகிறோம் என்றார்கள். 2010க்குப் பிறகு விலைவாசியோடு ஒப்பிட்டால் 30 சதவீதத்துக்கு மேல் இழந்துவிட்டோம் என்றது அதிகாரிகளின் சங்கம். 2024 ஆகஸ்டில் அதிகாரிகள் அணியின் வரலாற்றிலேயே முதன்முறையாக வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குள் பலர் சத்தமில்லாமல் வேறு கம்பெனிக் கப்பல்களுக்குப் போயிருந்தார்கள். விமானந்தாங்கிக் கப்பலுக்கு உணவும் வெடிமருந்தும் கொண்டுபோக இருந்த ஒரே கப்பலான ஃபோர்ட் விக்டோரியா, ஆளில்லாமல் கட்டிக் கிடந்தது.

அந்தச் செய்தி வந்தபோது நான் சென்னைக்குத் திரும்பியிருந்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது மாமாவிடம் கதை முழுக்கச் சொன்னேன். வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. கலஹாடிலேயே நின்றுவிட்டார். குண்டு விழுந்தது என்னைக்கு, இழுத்துட்டுப் போய் முழுக்குனது என்னைக்கு என்று இரண்டு தடவை கேட்டார். ஜூன் 8, ஜூன் கடைசி என்றேன். விரலில் எண்ணினார்.

"அப்போ எந்தத் தேதி வரைக்கும் மாப்ள சம்பளம் போட்டானுவ?"